பெயின்ட் அடிக்காமல் விட்ட இடம்

எங்கள் வீட்டு வராந்தாவில், வாசற்கதவுக்கு வலது பக்கம், மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே, பெயின்ட் அடிக்காமல் விட்ட சதுரம் ஒன்று இருந்தது. வீடு முழுக்கச் சந்தன நிறம். அந்தச் சதுரம் மட்டும் பழைய மயில் நீலம். அதன் நடுவில் மண்ணால் அப்பிய ஒரு குளவிக்கூடு. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிடுவார்கள். பார்த்த கண் நேராக என் வயிற்றுக்கு வரும். அதற்கப்புறம்தான் முகத்துக்கு ஏறி, நன்றாக இருக்கிறாயா என்று கேட்கும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ உண்டாகியிருக்கிறார்கள், இல்லையென்றால் சீக்கிரம் உண்டாகப் போகிறார்கள் என்று அர்த்தம். கூட்டைக் கலைக்கக் கூடாது. செம்மண்ணில் கட்டியிருந்தால் பையன், களிமண்ணில் கட்டியிருந்தால் பெண் என்று எதிர்வீட்டு சொல்தா வீட்டம்மா விளக்கம் வேறு சொல்வார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் வீட்டுக்காரர் சொல்தா. பிரான்ஸில் பாதிக் காலம் இருந்துவிட்டு வந்தவருக்கும் குளவி விஷயத்தில் சந்தேகமே கிடையாது. கேட்பதற்கு இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தையில்லாத ஒருத்தியாக அந்தக் கூட்டுக்குக் கீழே நடமாடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

இதை எழுத உட்காரும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. ஆறிய பிறகு எழுதினால், எல்லாரும் நல்லவர்கள்தான், நேரம் அப்படி என்று எதையாவது சொல்லிப் பூசி மெழுகிவிடுவேன். பூசி மெழுகும் வேலை அந்த வீட்டில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் நடந்தாகிவிட்டது.

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் குறுக்குத் தெரு ஒன்றில் வீடு. முன்னால் வராந்தா, பின்னால் ஒரு துண்டு மண்தரை. அதில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, செம்பருத்திச் செடி, துணி துவைக்கிற கல், வலை போட்டு மூடிய கிணறு. என் வீட்டுக்காரருக்குக் காலாப்பட்டில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை. எனக்கு மெயின் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமியாரைச் சேர்த்து நாங்கள் மூன்று பேர்.

மூன்று பேர் என்பது ரேஷன் கார்டுக் கணக்கு. உண்மையில் அந்த வீட்டில் நாங்கள்தான் சிறுபான்மை. ட்யூப் லைட்டுக்குப் பின்னால் பல்லிகள். குளியலறைத் தண்ணீர் போகிற குழியில் ஒரு தேரை. கிணற்று வலையின் விளிம்பில் தலையாட்டிக்கொண்டு ஓணான். துவைக்கிற கல்லுக்கு அடியில் பளபளவென்று ஒரு அரணை. முருங்கையில் அணிலும் கொண்டைக்குருவியும், மழைக்காலம் வந்தால் கொத்துக் கொத்தாகக் கம்பளிப்பூச்சியும். கறிவேப்பிலையில் காக்கை எச்சம் மாதிரியே ஒட்டிக்கொண்டு ஆளை ஏமாற்றும் ஒரு புழு. கொஞ்ச நாளில் அது பச்சையாகிக் கொழுத்து, கூடாகி, பட்டாம்பூச்சியாகப் போய்விடும். செம்பருத்திக்குத் தேன்சிட்டு. மதில்மேல் செம்போத்து. கும்பலாக வந்து சருகைக் கிளறி ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும் தவிட்டுக்குருவிகள். கிணற்றோரச் செங்கல் குவியலில் ஒரு சாரைப்பாம்பு, அது வந்து போவதைத் தோலைக் கழற்றிப்போட்டுத்தான் தெரிவிக்கும். மாடிப்படிக்குக் கீழே மரவட்டையும் பூரானும். சர்க்கரை டப்பாவில் எறும்பு, அதைச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவும் தங்கள் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருந்தன என்று நினைத்தீர்களானால் தப்பு. என் மாமியார் கணக்கில் இவையெல்லாம் என்னைப் பற்றிச் சேதி சொல்ல வந்தவை. பல்லி கத்தினால் எந்தத் திசையில் கத்தியது என்று நாள்காட்டியின் பின்பக்கத்தைப் புரட்டுவார். கறுப்பெறும்பு வரிசையாக வந்தால் அவர் முகம் மலரும், செவ்வெறும்பென்றால் சுருங்கும். செம்போத்து மதிலில் இடமிருந்து வலம் போனால், இந்த மாதம் பார் என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வார். ஒரு தடவை மாவு சலித்துக்கொண்டிருந்தபோது என் தோளில் ஒரு பல்லி விழுந்தது. எனக்குப் பல்லியைக் கண்டு பயமில்லை, அவர் பார்த்துவிட்டாரே என்றுதான் பயம். உடனே குளிக்கச் சொன்னார். குளித்துவிட்டு வந்தால், விழுந்த பக்கம் எது, இடதா வலதா என்று விசாரணை. அந்தப் பல்லி வாலை என் முந்தானையிலேயே விட்டுவிட்டு ஓடியிருந்தது. வால் போன பல்லிக்கு என்ன பலன் என்று எந்த நாள்காட்டியிலும் போட்டிருக்கவில்லை.

மாமியாரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஆனால் அப்போதுகூட, ஜன்னலில் வந்து உட்கார்ந்த குருவியைப் பார்த்து, உனக்கு நல்ல காலம் வரப் போகிறது என்றாரே தவிர, காய்ச்சல் விடும் என்று சொல்லவில்லை. அவருக்கு நல்ல காலம் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

இனி முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மறைத்துவைத்துக் கடைசியில் சொல்வதற்கு இது ஒன்றும் துப்பறியும் கதை இல்லை. குறை என்னிடம் இல்லை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். டெஸ்ட் எல்லாம் எடுத்த பிறகு டாக்டர் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, அவரால்தான் குழந்தை உண்டாக வாய்ப்பில்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஒரு ஜூஸ் கடையில் வண்டியை நிறுத்தினார் என் வீட்டுக்காரர். வாங்கிய ஜூஸை இரண்டு பேரும் குடிக்கவில்லை. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ எதுவும் சொல்லாதே என்றார். சரி என்றேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அவருக்குக் குறை இருந்ததில் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அது அவர் செய்த தப்பா? குழந்தை இல்லாவிட்டால் என்ன, இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போய் நடக்கிறோம், போதும் என்று நான் மனதைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் சொல்லிக்கொள்கிறேன் என்றவர் சொல்லவேயில்லை. தீபாவளி கழியட்டும் என்றார். பொங்கல் கழியட்டும் என்றார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும் என்றார். ஆபரேஷன் ஆகி மாமியாருக்குக் கண் பளிச்சென்று தெரிய ஆரம்பித்து, சுவரில் இருந்த குளவிக்கூட்டை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

அன்றிலிருந்து அந்தக் கூடு வீட்டில் ஒரு ஆள் ஆகிவிட்டது. யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டுவார். பால்காரர், கேஸ் போட வருகிறவர், கேபிள் பணம் வாங்க வருகிறவர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. நான் கடையிலிருந்து வரும்போது தெருப் பெண்கள் சிரிப்பார்கள், என்னம்மா விசேஷமாமே என்பார்கள். நான் வேலை பார்ப்பது எப்படிப்பட்ட இடம் என்று யோசியுங்கள். நாள் தள்ளிப்போனால் கர்ப்பமா என்று பார்க்கும் அட்டையை வாங்கப் பெண்கள் அங்கேதான் வருவார்கள். நான்தான் அதைப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். கொடுக்கும்போது அவர்கள் என் கையைப் பார்க்காமல் என் இடுப்பைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வந்த பெயின்டரிடம் மாமியார், கூட்டின் மேல் ஒரு சொட்டுப் படக் கூடாது, தட்டிவிட்டால் பாவம் உன்னைத்தான் சேரும் என்று மிரட்டி வைத்தார். அந்த மனிதர் பயந்துபோய் கூட்டைச் சுற்றி டேப் ஒட்டி, அளவெடுத்தாற்போல் ஒரு சதுரத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சந்தன நிறம் அடித்துவிட்டுப் போனார். அதுவரைக்கும் பழைய சுவரில் பழைய மண்ணாக ஒட்டிக்கொண்டிருந்தது, யார் கண்ணையும் அவ்வளவாக உறுத்தவில்லை. இப்போது போட்டோவுக்குச் சட்டம் போட்டு மாட்டியது போல் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பெயின்ட் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாற்றப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கூட்டைப் பெயர்த்து எறிந்திருப்பேன். எறியவிடாமல் தடுத்தது மாமியார் இல்லை, அந்தக் குளவிதான்.

மத்தியானம் கடை சாத்தும் நேரத்தில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்வேன். மாமியார் உள்ளே தூங்குவார். ஒரு நாள் ரீங்காரம் கேட்டு நிமிர்ந்தால், கறுப்பும் மஞ்சளுமாக, நூல் கோத்தது போன்ற இடுப்போடு ஒரு குளவி வாயில் ஈரமண் உருண்டையைக் கவ்விக்கொண்டு வந்து கூட்டின் ஓரத்தில் அமர்ந்தது. மண்ணை இழுத்துத் தேய்க்கும்போது மட்டும் அந்த ரீங்காரம் எழும். தேய்த்து முடித்ததும் பேச்சில்லாமல் பறந்துபோகும். கொஞ்ச நேரத்தில் அடுத்த உருண்டையோடு வரும். எங்கிருந்து மண் எடுக்கிறது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல் பக்கத்துக் குழாய் ஒழுகி, அடியில் எப்போதும் சேறாக இருக்கும். அங்கேதான் தலையைக் கீழே வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, மண்ணைச் சுரண்டி உருட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, இருக்கட்டும் என்று நானே தள்ளிப்போட்டேன்.

விரல் நுழையும் அளவுக்கு ஒரு அறை கட்டியதும் அடுத்த வேலை. வெளியே போய்ச் சின்னச் சின்னச் சிலந்திகளைப் பிடித்து, கொட்டி மயக்கி, தூக்கிவந்து அந்த அறைக்குள் திணிக்கும். ஒரு முட்டை வைக்கும். மண்ணால் வாயை மூடும். பிறகு பக்கத்தில் அடுத்த அறை. முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அந்தச் சிலந்திகள்தான் சாப்பாடு. போனில் தேடிப் படித்துப் பார்த்தேன், கட்டுவதும் பிடிப்பதும் திணிப்பதும் எல்லாம் பெண் குளவிதானாம், ஆண் குளவி இதில் ஒரு உருண்டை மண்கூடச் சுமப்பதில்லையாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் தனியாகச் சிரித்த சில தடவைகளில் அது ஒன்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஜீவன் யாருக்கும் எந்தச் சேதியும் சொல்ல வரவில்லை. என் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது அதற்கு எதற்கு? மழை படாத சுவர் வேண்டும், கிட்டத்தில் ஈரமண் வேண்டும், சிலந்தி வேண்டும். எங்கள் வீட்டில் ஒட்டடை அடிப்பது குறைவு, குழாய் ஒழுகுகிறது, வராந்தாவுக்கு ஷீட் போட்டிருக்கிறது. அதனால் வந்தது. அவ்வளவுதான். அதன் பிழைப்பை அது பார்க்கிறது. அதன் தலையில் என் கர்ப்பத்தைத் தூக்கி வைத்தது மனிதர்கள் செய்த அயோக்கியத்தனம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதைக் கும்பிடுகிறேன் என்று மாமியார் செய்ததெல்லாம் அதற்குக் கெடுதல்தான். வெள்ளிக்கிழமைதோறும் கூட்டுக்குச் சாம்பிராணி போடுவார். புகை போனதும் குளவி பிடித்து வந்த சிலந்தியைப் போட்டுவிட்டு ஓடும், சில சமயம் நாள்கணக்கில் வராது. மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துக் கூட்டின் நெற்றியில் பொட்டு வைப்பார். அந்த ஈரத்தில் மூடிய அறை ஊறி உடைந்து, உள்ளே இருந்த புழுவைப் பல்லி வந்து தின்றதை நான் பார்த்தேன். அத்தையிடம் சொன்னேன். மஞ்சள் பட்டால் கெட்டுப்போகிற பொருள் உலகத்தில் உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் என்ன சொல்ல? குளவிப் புழுவுக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்திருப்பார்.

கூடு வருஷா வருஷம் பெரிதாயிற்று. என் வயிறு பெரிதாகவில்லை. குளவி கட்டியும் பலிக்கவில்லையென்றால் தோஷம் சாதாரணமானதாக இருக்காது என்று யாரோ அவருக்கு ஓதிவிட்டார்கள். சின்ன வயதில் நான் பாம்பை அடித்திருப்பேனாம். செங்கல் குவியலில் சாரை வந்து தங்குவதே அதற்குத்தானாம். உழவர்கரைப் பக்கத்தில் ஒரு அரசமரத்தடியில் ஈரப்புடவையோடு சுற்ற வேண்டும், கல்லில் நாகர் செய்து வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. எலியைத் தின்று வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்த சாரைக்கும் ஒரு பழி. நான் என் வீட்டுக்காரரிடம், இப்போதாவது சொல்லுங்கள் என்றேன். அம்மா மனசுக்காக ஒரு தடவை சுற்றிவிட்டு வந்துவிடேன், உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றார்.

என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்டார் பாருங்கள், அந்தக் கேள்வியை நான் இன்னும் விழுங்கவில்லை. நான் சுற்றவில்லை. ஈரப்புடவையோடு சுற்ற வேண்டிய ஆள் நான் இல்லை என்று அவரிடம் சொன்னேன். மெதுவாகப் பேசு, அம்மா காதில் விழும் என்றார். விழ வேண்டும் என்றுதானே நான் வருஷக்கணக்கில் காத்திருக்கிறேன்? நானே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் நான் சொன்னால் அது பழியைத் தட்டிக்கழிக்க மருமகள் சொல்லும் சாக்கு ஆகிவிடும். அவர் வாயிலிருந்து வந்தால்தான் அது உண்மை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அந்த ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்தா வீட்டம்மா தன் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். தங்கையின் மகளுக்கு வளைகாப்பு, சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் வராந்தா நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுவந்தேன். தங்கை சுவரைப் பார்த்து, இந்த இடத்தில் சாமி படம் மாட்டப் போகிறீர்களா என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது, பாவம். மாமியாருக்குச் சொல்ல வேண்டுமா? கூடு வந்த கதை, பெயின்டர் டேப் ஒட்டிய கதை, அரசமரத்தைச் சுற்ற மாட்டேன் என்று நான் அடம்பிடிக்கும் கதை எல்லாம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, நான் தட்டோடு நிற்கும்போதே, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வாயில்லாப் பூச்சி, அது பாட்டுக்கு வருஷா வருஷம் வந்து கட்டிட்டுப் போவுது. இவ வயித்துக்குத்தான் ஒறைக்க மாட்டேங்குது."

தங்கைக்குச் சங்கடமாகிவிட்டது. காபியை அவசரமாகக் குடித்தார். கிளம்பும்போது மாமியாரிடமும் என் வீட்டுக்காரரிடமும் அவசியம் வந்துவிடுங்கள் என்றார். என்னிடம் சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வருகிறேன்ம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வளைகாப்புக்கு என்னை அழைப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் வரும்போது தெரிந்திருந்தது.

கேட் சாத்திய சத்தம் கேட்டது. நான் தட்டைத் தரையில் வைத்தேன். நேராகப் போய் அந்த நீலச் சதுரத்துக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்கு அடியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேலே குளவி ஒரு அறையின் வாயை மூடிக்கொண்டிருந்தது, ரீங்காரம் விட்டுவிட்டுக் கேட்டது. மாமியார் என்ன இப்படி நடுவழியில் உட்கார்கிறாய், விளக்கு வைக்கிற நேரம் என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஏங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்."

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் விரல் நகரவில்லை, அதைப் பார்த்தேன். மாமியார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்னடா சொல்ல வேண்டும், என்ன சொல்கிறாள் இவள் என்று கேட்டார். ஒரு தடவை கேட்டார், இன்னொரு தடவை கேட்டார். தெருவில் யாரோ வண்டி ஸ்டார்ட் செய்துவிட்டுப் போனார்கள். நான் மூக்கைச் சிந்தவில்லை, கத்தவில்லை, அசையவும் இல்லை. என் வீட்டுக்காரர் எழுந்தார். உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கொற அவகிட்ட இல்லம்மா. எங்கிட்டதான். டாக்டர் சொல்லி ரொம்ப வருஷமாச்சு."

 மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். நான் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் எடுத்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

எனக்கு என்ன நினைப்பு என்றால், காலையில் அத்தை என்னிடம் ஏதாவது சொல்வார் என்று. மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வயதில் மருமகளிடம் மன்னிப்புக் கேட்கிற மாமியாரை நான் பார்த்ததும் இல்லை. இத்தனை நாளும் ஏம்மா பொறுத்துக்கொண்டாய் என்று ஒரு வார்த்தை. காபி டம்ளரைக் கையில் கொடுக்கும்போது ஒரு பார்வை. அதுகூடப் போதும் என்று இருந்தேன்.

காலையில் தொம் தொம்மென்று சுவரை இடிக்கும் சத்தத்தில்தான் விழித்தேன். போய்ப் பார்த்தால் மாமியார் ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கூட்டை இடித்துக்கொண்டிருக்கிறார். வருஷக்கணக்கில் சேர்ந்த மண். கெட்டியாகப் பிடித்திருந்தது. பலம் போதாமல் மூச்சு வாங்க வாங்க இடித்தார். கட்டி கட்டியாகப் பெயர்ந்து வராந்தா முழுக்க விழுந்து சிதறியது. மஞ்சள் குங்குமம் வைத்த பக்கம் தனியாகப் போய் விழுந்தது. உடைந்த அறைகளிலிருந்து சிலந்திகள் கொட்டின. அவை சாகவில்லை, மயங்கிக் கிடந்தவை. ஒன்றிரண்டின் கால்கள் மெல்ல அசைந்தன. நடுவில் வெளுத்த மஞ்சளில் ஒரு புழு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குள் எறும்பு மோப்பம் பிடித்து வந்துவிட்டது. கறுப்பெறும்புதான், வரிசையாக வந்தது.

"இன்னாத்துக்கு அத்தே இடிச்சீங்க?"

"வர்றவங்க போறவங்க பாத்துட்டுக் கேக்க மாட்டாங்களா? எம்புள்ள பாவம்."

இன்னொரு தடவை படியுங்கள். நான் அன்றிலிருந்து எத்தனையோ தடவை மனதுக்குள் படித்துவிட்டேன். கலைத்தால் பாவம், தட்டினால் பாவம், பெயின்ட் சொட்டினால் பாவம் என்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த கூடு. பால்காரரிலிருந்து கேபிள்காரர் வரைக்கும் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்த கூடு. எனக்குத் தலைகுனிவு என்றபோது அது வருஷக்கணக்கில் தெய்வமாக இருந்தது. மகனுக்குத் தலைகுனிவு என்றதும் ஒரு ராத்திரி தாங்கவில்லை, வெறும் மண்ணாகிவிட்டது. பெயின்டருக்கும் போன் பண்ணிவிட்டாராம், மத்தியானம் வந்து அந்தச் சதுரத்தை அடித்துவிடுவாராம்.

அந்த நேரம் பார்த்துக் குளவி திரும்பி வந்தது. வாயில் மண் உருண்டை. கூடு இருந்த இடத்தில் வந்து இறங்கப் பார்த்தது, சுவர் வழுவழுவென்று இருந்தது. சுற்றியது. மறுபடி இறங்கியது. மேலே போய், கீழே வந்து, மீட்டர் பெட்டியின் ஓரமெல்லாம் தேடியது. மாமியார் முந்தானையை வீசி, சூ போ அந்தாண்ட என்று விரட்டினார். முந்தின வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டிய அதே கை.

என் வீட்டுக்காரர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அம்மா கையில் இருந்த கம்பைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மாமியார் என்னைப் பார்த்து, சீக்கிரம் பெருக்கி அள்ளிவிடும்மா, மிதித்து உள்ளே கொண்டுவரப் போகிறோம் என்றார். நான் போய் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துவந்தேன். என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

"உங்களுக்காக இடிச்சது. நீங்களே பெருக்குங்க."

மாமியார் ஏதோ சொல்ல வந்தார். அவர் அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் குனிந்தார். அவருக்குப் பெருக்கத் தெரியவில்லை, மண் எல்லாப் பக்கமும் பரவியது. நான் நின்று சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னால் போனேன். முந்தின வாரம் யாரோ ஒழுகாமல் இருக்கக் குழாயைத் துணியால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள், அடியில் மண் காயத் தொடங்கியிருந்தது. முடிச்சை அவிழ்த்து, சொட்டுச் சொட்டாக விழும்படி குழாயைத் திறந்துவிட்டேன். அந்தக் குளவிக்கு ஈரமண் வேண்டும்.